பொது அறையில் ஒரு புகார் வந்தால்: பொறுப்பு மாணவர்களுக்கான கேள்வி பதில்

இரவு வரை திறந்திருக்கும் படிப்பறை, கருவிகள் உள்ள பயிற்சிக்கூடம், மாணவர் மன்ற அலுவலகம், விடுதியின் பொது அறை என்று மாணவர்கள் சேர்ந்து பயன்படுத்தும் இடம் எதுவானாலும் அதற்கு ஒரு சாவியும் ஒரு பொறுப்பாளரும் உண்டு. பெரும்பாலும் அந்தப் பொறுப்பாளரும் ஒரு மாணவர்தான். விளக்கை அணைப்பதும் நாற்காலிகளை ஒழுங்குபடுத்துவதும்தான் வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஒருவர் தயங்கி நின்று, "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்பார். அந்த நாளுக்காக எழுதியது இது.

தெருவில் சண்டையிட்டவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே புகார் கொடுத்தவரும் புகாருக்கு உள்ளானவரும் நாளைக் காலை அதே கதவைத் திறந்துகொண்டு வருவார்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு காரணத்திலிருந்து வந்தவை.

எதைப் புகார் என்று எடுத்துக்கொள்வது? எல்லோரும்தான் ஏதாவது முணுமுணுக்கிறார்களே?

"புகார்" என்ற சொல்லை யாரும் எளிதில் வாயில் எடுப்பதில்லை. "சும்மா சொல்லி வைக்கிறேன்", "பெரிதாக்க வேண்டாம்", "உங்கள் காதில் போட்டு வைக்கிறேன்" என்றுதான் பேச்சு தொடங்கும். படிவம் நிரப்பினால்தான் புகார் என்று நீங்கள் காத்திருந்தால் வருகிறவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். ஒருவருடைய நடத்தையால் இன்னொருவர் அந்த இடத்தைப் பயன்படுத்தத் தயங்குகிறார் என்று தெரிந்துவிட்டால் போதும், அது புகார்தான்.

மேசையில் பையை வைத்துவிட்டு மூன்று மணி நேரம் காணாமல் போவது, சத்தமாகப் பேசுவது, எடுத்த கருவியை உடைத்துவிட்டுச் சொல்லாமல் வைப்பது போன்றவற்றை நீங்களே அன்றே பேசித் தீர்க்கலாம். திருட்டு, தொடர்ந்த கேலி, பிறப்பையோ உடலையோ பேச்சையோ வைத்து இழிவுபடுத்துவது, அனுமதியின்றிப் படம் எடுப்பது ஆகியவற்றுக்கு முறையான விசாரணை வேண்டும். அடி, மிரட்டல், பாலியல் சீண்டல், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது ஆகியவை உங்கள் கையை மீறியவை. அதைப் பற்றித் தனியே கீழே சொல்லியிருக்கிறேன்.

ஒருவர் வந்து சொல்லத் தொடங்கிவிட்டார். முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வது?

முதலில் இடத்தை மாற்றுங்கள். சம்பவம் நடந்த அறையிலேயே நின்று கேட்காதீர்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, யாரும் உள்ளதை உள்ளபடி சொல்ல மாட்டார்கள். அதற்காக ஆளில்லாத இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவும் வேண்டாம். கதவு திறந்திருக்கட்டும், குரல் மட்டும் வெளியே கேட்காமல் இருக்கட்டும். கூட ஒரு தோழியோ நண்பரோ இருக்கலாமா என்று அவர் கேட்டால் தயங்காமல் சரி என்று சொல்லுங்கள்.

பிறகு, பேசாதீர்கள். இதுதான் கடினம். பெயரைக் கேட்டதுமே "அவனா? அவன் அப்படிப்பட்டவன் இல்லையே" என்று வாய் தன்னையறியாமல் சொல்லிவிடும். அந்த ஒரு வாக்கியம் போதும், எதிரில் இருப்பவர் மீதிக் கதையை விழுங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "விடுங்கள், அவனை இந்தப் பக்கமே வராமல் செய்துவிடுகிறேன்" என்று வீரம் பேசுவது. விசாரிக்கும் முன்பே தீர்ப்பு சொல்லிவிட்ட ஆள் பிறகு எதை விசாரித்தாலும் அதை யாரும் நம்பமாட்டார்கள். புகார் உண்மையாக இருந்தாலும் அது கெட்டுப்போகும். "சொன்னது நல்லது. நான் எழுதிக்கொள்கிறேன். அடுத்து என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றால் "என்ன நடந்தது?", "அதற்கு முன் என்ன?", "பிறகு?" இவை போதும். "உங்களைப் பிடித்துத் தள்ளினானா?" என்பது கேள்வியாகத் தோன்றினாலும், பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். 1974இல் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு உளவியலாளர்கள் 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். 50 பேரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். 50 பேரிடம் மோதி "நொறுங்கியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். மீதிப் பேரிடம் வேகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆனாலும் "நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்களில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர்தான். கேட்டவரின் ஒரு சொல் பார்த்தவரின் நினைவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பொறுப்பாளராக இருப்பவர் தன் சொற்களைக் கையிருப்புப் பணம் போல எண்ணிச் செலவழிப்பது நல்லது.

கடைசியாக ஒன்று கேட்க மறக்காதீர்கள்: "இன்று இரவு நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? திரும்பிப் போகும்போது துணை வேண்டுமா?" விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"யாரிடமும் சொல்லாதீர்கள்" என்கிறார். சரி என்று சொல்லலாமா?

கூடாது. முழு ரகசியத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவது, வாக்கே கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். "தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியும். யார் யார் அவர்கள் என்று உங்களுக்கு முன்பே சொல்கிறேன்" என்பது உங்களால் காப்பாற்றக்கூடிய வாக்கு. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தால் அவர் சம்மதிக்காவிட்டாலும் நீங்கள் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டியிருக்கும் என்பதையும் அவர் கதையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முடித்த பிறகு சொன்னால் பொறியில் மாட்டிக்கொண்டதுபோல் உணர்வார்.

எழுதி வைப்பது என்றால் எப்படி?

அன்றே, அவருடைய சொற்களில். "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று எழுதினால் அதிலிருந்து மூன்று வாரம் கழித்து யாருக்கும் ஒன்றும் விளங்காது. "இரவு ஒன்பதரை மணி இருக்கும், ஜன்னல் ஓர மேசை, என் மடிக்கணினியை மூடிவிட்டு 'இது உன் இடமா' என்று கத்தினார்" என்று எழுதினால் நேரம், இடம், செயல், பேச்சு எல்லாம் கிடைத்துவிடுகிறது. அவர் சொன்ன வசவுச் சொல்லை நாகரிகம் கருதி மாற்றி எழுதாதீர்கள். அந்தச் சொல்தான் சில சமயம் வழக்கே.

கண்ணால் கண்டது, காதால் கேட்டது, அவராக ஊகித்தது என்ற மூன்றும் கலந்துதான் வரும். கலந்து வருவது இயல்பு. எழுதும்போது பிரித்து எழுதுவது உங்கள் வேலை. எழுதியதை அவரிடம் படித்துக் காட்டி, திருத்தம் கேட்டு, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு படி அவருக்கு.

சிசிடிவி கேமரா இருக்கும் இடமென்றால் பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் கோரிக்கை அன்றே போக வேண்டும். சேமிப்பு நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். "விசாரணைக் கூட்டம் முடியட்டும், கேட்டுக்கொள்ளலாம்" என்று இருந்தால் கிடைப்பது காலி வராந்தாவின் படம்தான். நுழைவுப் பதிவேடு, கருவி எடுத்த கணக்கு, கைபேசிச் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவையும் அப்படியே. ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரிய வேண்டும்; முன்னும் பின்னும் நாலு செய்திகள் சேர்ந்து இருக்க வேண்டும். நடுவிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தால் அதை எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. அந்தரங்கப் படம் சம்பந்தப்பட்ட புகார் என்றால் "எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்" என்று சொல்லாதீர்கள். அந்தப் படத்தை இன்னொரு கைபேசிக்குப் போகவைப்பதே அவருக்கு இரண்டாவது தீங்கு. படத்தில் இருப்பவர் 18 வயது நிறையாதவர் என்றால் அதை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். படம் இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு, முறையான அமைப்பிடம் ஒப்படைக்க வழிகாட்டுங்கள்.

மொட்டைக் கடிதம் வந்தால் குப்பையில் போடலாமா?

போடாதீர்கள், அதை வைத்து யாரையும் தண்டிக்கவும் செய்யாதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே செய்வதற்கு நிறைய இருக்கிறது. கடிதம் "மாலை நேரத்தில் உள் அறையில் இளையவர்களை மிரட்டுகிறார்கள்" என்று சொன்னால், ஒரு வாரம் மாலையில் உள் அறைக்குப் போய்வர உங்களுக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. சாத்திக் கிடக்கும் கதவைத் திறந்து வைக்கலாம், எரியாத விளக்கை மாற்றலாம்.

பெயர் இல்லாத புகார் வேறு, பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கும் புகார் வேறு. இரண்டாவதில் உங்களுக்கு ஆளைத் தெரியும். மேலும் கேட்கலாம், பதில் சொல்லலாம். ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்த அறையில் இருவர் மட்டுமே இருந்தபோது நடந்த ஒன்றை, சொன்னவர் பெயரை மறைத்து விசாரிக்க முடியாது. கேள்வியைக் கேட்டதுமே எதிரிலிருப்பவருக்கு யார் சொன்னது என்று தெரிந்துவிடும். தெரிந்தாலும் பரவாயில்லையா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதையெல்லாம் நாங்கள் தொடவே கூடாது?

உடல் காயம், ஆயுதம், பாலியல் குற்றம், உயிர் மிரட்டல், 18 வயது நிறையாதவர் சம்பந்தப்பட்டது, தன்னை மாய்த்துக்கொள்வதாக யாராவது பேசுவது. இவற்றில் எது வந்தாலும் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பான இடத்தில் உட்காரவையுங்கள், அதற்கென்று நிறுவனத்தில் இருக்கும் பொறுப்பு அலுவலரிடமும் தேவைப்பட்டால் அவசர உதவிக்கும் அந்த நிமிடமே தெரியப்படுத்துங்கள். சாட்சிகளை நீங்களே கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். பிறகு நடக்கப்போகும் உண்மையான விசாரணையை அது குலைத்துவிடும்.

முக்கியமாக, "நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று இருவரையும் எதிரெதிரே உட்காரவைப்பதற்குப் பெயர் கட்டப்பஞ்சாயத்து. செய்கிறவர்களுக்கு அது பெருந்தன்மையாகத் தெரிகிறது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, "சரி, மன்னித்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுபவர் எப்போதுமே பலம் குறைந்தவர்தான்.

புகாருக்கு உள்ளானவரிடம் எப்போது சொல்வது? சொன்னால் உஷாராகிவிடமாட்டாரா?

அழியக்கூடிய ஆதாரத்தைப் பத்திரப்படுத்திய உடனே சொல்லுங்கள். அவர் உஷாராவதைவிட, நாலாவது ஆள் வாயிலிருந்து தன்னைப் பற்றிக் கேள்விப்படுவதுதான் பெரிய சேதம்.

1718இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ரிச்சர்ட் பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களைப் பறித்தது. டிரினிட்டி கல்லூரியின் தலைவர் அவர். கட்டணத் தகராறு ஒன்றில் துணைவேந்தரின் நீதிமன்றத்தை அவமதித்தார் என்பது குற்றச்சாட்டு. அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கவில்லை. பென்ட்லி சாதுவான மனிதர் இல்லை. தன் கல்லூரிக்காரர்களோடேயே ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர். அவமதித்திருக்கவும் கூடும். ஆனாலும் 1723இல் கிங்ஸ் பெஞ்ச் என்ற அரசரின் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: விளக்கம் கேட்காமல் தண்டித்தது செல்லாது. ஏதேன் தோட்டத்தில் ஆதாமுக்குத் தீர்ப்பளிக்கும் முன் கடவுளே அவனைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டாரே என்று நீதிபதி ஃபோர்டெஸ்க்யூ அந்த வழக்கில் சுட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டு பட்டங்கள் திரும்பின. சண்டைக்காரர் ஒருவருக்கே அந்த உரிமை உண்டு என்று நிலைநாட்டியதுதான் இந்த வழக்கில் எனக்குப் பிடித்த பகுதி. நல்லவருக்கு நியாயம் வழங்க விதிமுறை எதற்கு?

ஆகவே, அவரிடம் குற்றச்சாட்டைத் தெளிவாகச் சொல்லுங்கள். "உங்கள் மேல் புகார் வந்திருக்கிறது, ஒழுங்காக இருங்கள்" என்பது விளக்கம் கேட்பது ஆகாது, அது மிரட்டல். எந்த நாள், எந்த இடம், என்ன செய்ததாகச் சொல்லப்படுகிறது என்பதை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல இரண்டு மூன்று நாளாவது அவகாசம் தாருங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம் என்று சொல்லுங்கள். அதே பேச்சில் இன்னொன்றும் போக வேண்டும்: புகார் கொடுத்தவரை அவர் நேரிலோ நண்பர்கள் மூலமாகவோ அணுகக் கூடாது, அணுகினால் அது தனிக் குற்றமாகக் கொள்ளப்படும், முதல் புகார் நிரூபணமாகாவிட்டாலும்கூட.

விசாரணை முடியும்வரை இருவரும் ஒரே அறையில்தானே உட்கார வேண்டும்?

வேண்டியதில்லை. ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு மாலை என்று நேரத்தைப் பிரிக்கலாம். வேறு தளத்தில் இடம் கொடுக்கலாம். யார் நகர்வது என்பதில்தான் கோளாறு நடக்கிறது. புகார் கொடுத்தவர் எப்படியும் பயந்து ஒதுங்கியிருப்பார். "நீங்களே கொஞ்ச நாள் வராமல் இருங்களேன்" என்று அவரிடம் சொல்வது எல்லோருக்கும் எளிது. அப்படிச் செய்தால் புகார் கொடுத்ததற்குத் தண்டனை இடத்தை இழப்பது என்று அறை முழுவதும் புரிந்துகொள்ளும். கூடியவரை நகர்பவர் மற்றவராக இருக்கட்டும். ஆனால் இது தண்டனை ஆகாது என்று எழுத்தில் சொல்லி, முடியும் தேதியையும் குறிப்பிடுங்கள். தேதி போடாத தற்காலிக ஏற்பாடு ஆயுள் தண்டனை போல் நீண்டுகொண்டே போகும். தேர்வு நேரமென்றால் இருவருக்குமே படிக்க இடம் உண்டா என்று பாருங்கள்.

யாருமே பார்க்கவில்லை. இவர் ஒன்று சொல்கிறார், அவர் ஒன்று சொல்கிறார். என்ன செய்வது?

"சாட்சி இல்லை, ஆகவே ஒன்றும் செய்ய முடியாது" என்று கையை விரிப்பவர்கள் ஒரு குழப்பத்தில் இருக்கிறார்கள். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்பது ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் குற்றவியல் வழக்குக்கான அளவுகோல். அறைப் பயன்பாட்டை ஒரு மாதம் நிறுத்தலாமா என்ற கேள்விக்கு, நடந்திருக்க வாய்ப்பு அதிகமா நடக்காதிருக்க வாய்ப்பு அதிகமா என்று நிறுத்துப் பார்க்கும் உரிமையியல் அளவுகோலே பல இடங்களில் பின்பற்றப்படுகிறது. உங்கள் நிறுவனத்தின் விதி எதைச் சொல்கிறது என்று முன்பே பார்த்து வையுங்கள். ஆளுக்கு ஆள் அளவுகோலை மாற்றாதீர்கள்.

நிறுத்துப் பார்க்கப் பொருள் எங்கே கிடைக்கும்? அன்றிரவே அவர் யாரிடமாவது சொன்னாரா, செய்தி அனுப்பினாரா? நுழைவுப் பதிவேட்டில் இருவரின் நேரமும் பொருந்துகிறதா? முதலில் சொன்னதற்கும் பிறகு சொன்னதற்கும் நடுவே சாரம் மாறுகிறதா, அல்லது விவரம் மட்டும் கூடக் குறைய இருக்கிறதா? சிறு விவரங்கள் மாறுவது மனித நினைவின் இயல்பு. வரிக்கு வரி மாறாமல் ஒப்பித்தால்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அழுதால் உண்மை, சிரித்தால் பொய் என்று எந்தக் கணக்கும் இல்லை. பதற்றத்தில் சிரிப்பவர்கள் உண்டு. குற்றமே செய்யாமல் தலைகுனிந்து வியர்ப்பவர்களும் உண்டு.

இருபது பேர் இருந்த அறையில் நடந்தது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே, அவ்வளவு கல் நெஞ்சமா?

கல் நெஞ்சம் என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். பிப் லாட்டனே, ஜான் டார்லி என்ற உளவியலாளர்கள் இருவரும் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நடத்தி 1968இல் வெளியிட்ட சோதனை ஒன்று. ஒரு அறையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் சுவரிலிருந்த துவாரம் வழியாகப் புகை வரத் தொடங்கியது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். சோதனை பற்றி எதுவும் தெரியாத மூன்று பேர் சேர்ந்து இருந்தபோது, அந்தக் குழுக்களில் 38 சதவீதத்தில்தான் ஒருவராவது எழுந்தார். அலட்டிக்கொள்ளாமல் எழுதிக்கொண்டே இருக்கும்படி சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு உட்காரவைக்கப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். மற்றவர்கள் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பினார்கள்!

உங்கள் அறையிலும் இதுதான் நடந்திருக்கும். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்திருப்பார். அடுத்தவர் புத்தகத்தைப் பார்த்திருப்பார். எனவே "யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்" என்று பொதுவாக அறிவிப்பு ஒட்டிப் பயனில்லை. "யாராவது" என்றால் யாருமில்லை. பதிவேட்டைப் பார்த்து, அந்த நேரத்தில் இருந்தவர்களிடம் தனித்தனியாக, பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள். தான் அன்று பேசாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிறவர் நிறையப் பேர்; அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் கேட்டால் சொல்வார்.

புகாருக்கு உள்ளானவர் என் நெருங்கிய நண்பர். நான் நடுநிலையாக இருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியும். புகார் கொடுத்தவருக்குத் தெரியாது. விலகுங்கள்.

பொறுப்பாளர் மேலேயே புகார் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்க வேண்டும். அதனால்தான் புகார் பெறுபவர்கள் குறைந்தது இருவராக, ஒரே நட்பு வட்டத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும் என்கிறோம். இருவருக்கும் மேலே மாணவரல்லாத ஒருவர் பெயரும் சுவரில் எழுதியிருக்கட்டும்.

பொய்ப் புகார் கொடுத்தால்?

கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் நிரூபிக்க முடியாமல் போன புகாரைப் பொய்ப் புகார் என்று எழுதிவிடும் வழக்கம் அதைவிட அதிகமாகக் கண்ணில் படுகிறது. "நடந்தது என்று உறுதி செய்ய இயலவில்லை" என்பது ஒரு முடிவு. "வேண்டுமென்றே இட்டுக்கட்டினார்" என்பது முற்றிலும் வேறொரு குற்றச்சாட்டு. இரண்டாவதைச் சொல்ல அதற்கென்று தனி ஆதாரம் வேண்டும், தனி விசாரணை வேண்டும், அதிலும் இரு தரப்பையும் கேட்க வேண்டும். படிவத்தின் தலையிலேயே தடித்த எழுத்தில் "பொய்ப் புகாருக்குக் கடும் நடவடிக்கை" என்று போட்டிருக்கும் இடங்களில் புகார் பெட்டியைத் திறக்கும் சிரமமே பொறுப்பாளருக்கு இருக்காது.

விசாரணை முடிவதற்குள் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் பரவிவிட்டது.

மறுப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். "ஒரு விஷயம் விசாரணையில் இருக்கிறது, பெயர்களையோ படங்களையோ பகிர்வது விதிமீறல்" என்று இரண்டு வரி போதும். கசிவு உங்கள் குழுவிலிருந்தே போனதா என்று பாருங்கள். வெளியே யார் யாரையோ சந்தேகப்பட்டுக் கடைசியில் விடை வீட்டுக்குள்ளேயே கிடைப்பதுண்டு.

என்ன தண்டனை கொடுப்பது?

உடைத்தவர் மாற்றித் தரட்டும். கத்தியவருக்கு எழுத்தில் எச்சரிக்கை. திரும்பச் செய்தால் சில வாரங்கள் அறைக்கு வரத் தடை. இதுபோன்ற படிகள் முன்கூட்டியே எழுதப்பட்டு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சம்பவம் நடந்த பிறகு தண்டனையைக் கண்டுபிடிக்கத் தொடங்கினால் கோபம்தான் அளவைத் தீர்மானிக்கும். போன ஆண்டு இதே தவறுக்கு இன்னொருவருக்கு என்ன செய்தீர்கள் என்று பழைய பதிவைப் புரட்டுங்கள். அவருக்கு ஒரு வாரம், இவருக்கு ஒரு பருவம் என்றால் காரணம் சொல்லத் தெரிய வேண்டும்.

இரண்டு காரியங்களைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒன்று, எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்க வைப்பது. மனமில்லாமல் சொல்லப்படும் மன்னிப்பு கேட்பவருக்கும் அவமானம், கொடுப்பவருக்கும் பயம். மறுநாள் பழிவாங்கலுக்கு விதையாகும். இன்னொன்று, "இனி இரவு எட்டு மணிக்கே அறையை மூடிவிடுவோம்" என்று எல்லோரையும் சேர்த்துத் தண்டிப்பது. நிர்வாகத்துக்கு இது மிகவும் பிடிக்கும், ஏனென்றால் யாரையும் குற்றவாளி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாணவர்கள் கணக்குப் போடத் தெரியாதவர்கள் இல்லை. அறை மூடப்பட்டது யார் புகார் கொடுத்ததால் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். தவறு செய்தவர் தப்பிக்க, புகார் கொடுத்தவர் அறை முழுவதற்கும் எதிரியாகிறார். அடுத்த முறை அந்த அறையில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

முடிவை யாரிடம், எவ்வளவு சொல்வது?

இருவரிடமும், தனித்தனியாக, எழுத்தில், காரணத்தோடு. புகார் கொடுத்தவரை இந்த இடத்தில் மறந்துவிடுவது வழக்கம். "நடவடிக்கை எடுத்துவிட்டோம், விவரம் சொல்ல முடியாது" என்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் அவர் நினைப்பார். அவருடைய பாதுகாப்பைத் தொடும் பகுதியையாவது சொல்லுங்கள்: எதிர்த்தரப்பு எந்த நேரத்தில் வரக் கூடாது, எத்தனை நாள், மீறினால் யாரிடம் சொல்வது. முடிவு பிடிக்காவிட்டால் யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதை இருவருக்குமே தெரியப்படுத்துங்கள். முதலில் விசாரித்தவரே மேல்முறையீட்டையும் கேட்பது வேடிக்கை.

ஒரு மாதம் கழித்துப் புகார் கொடுத்தவரை ஒரு முறை விசாரியுங்கள். பழிவாங்கல் பெரும்பாலும் அடிதடியாக வராது. குழுப் பயிற்சியில் சேர்க்காமல் விடுவது, அவர் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துவது, அவர் முன்பதிவு செய்த கருவி மட்டும் எப்போதும் "பழுதாக" இருப்பது என்று வரும்.

எத்தனை நாளில் முடிக்க வேண்டும்?

கிடைத்தது என்ற ஒப்புதல் ஒரு நாளில். சாதாரண விஷயம் இரண்டு வாரத்தில். தாமதமானால் தாமதம் என்று சொல்லுங்கள். மௌனத்தைப் போல் புகாரைக் கொல்வது வேறில்லை.

எங்கள் அறையில் ஆண்டு முழுவதும் ஒரு புகாரும் இல்லை. பெருமைப்படலாம்தானே?

கொஞ்சம் பொறுங்கள். யார் இப்போதெல்லாம் வருவதில்லை என்று பதிவேட்டைப் பாருங்கள். முன்பு தினமும் வந்த முதலாண்டு மாணவிகள் நாலைந்து பேர் திடீரென்று ஒரே வாரத்தில் நின்றுபோயிருந்தால் அதுதான் உங்களுக்கு வந்த புகார். நாற்காலி உடைந்தது, விளக்கு எரியவில்லை என்ற சிறு குறைகளாவது வருகின்றனவா? அவைகூட வரவில்லை என்றால் உங்களிடம் சொல்லிப் பயனில்லை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

நாங்கள் படிப்பு முடித்துப் போகிறோம். இந்தப் பதிவுகளை என்ன செய்வது?

மாணவர்கள் நடத்தும் எந்த அமைப்புக்கும் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான்: நினைவு ஆண்டுக்கு ஒருமுறை பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. பதிவேடு உங்கள் சொந்தக் கைபேசியிலோ சொந்த மின்னஞ்சலிலோ இருக்கக் கூடாது. பூட்டிய அலமாரியிலோ நிறுவனத்தின் கணக்கிலோ இருக்கட்டும். இருவருக்கு மட்டும் திறக்கும் உரிமை. முடிந்துபோன சிறு விஷயங்களை நிறுவன விதி சொல்லும் காலம் கழிந்ததும் அழித்துவிடுங்கள். இருபது வயதில் ஒருவர் கத்தியது நாற்பது வயதில் அவரைத் துரத்த வேண்டியதில்லை. புதிய பொறுப்பாளர்களிடம் முடிந்த வழக்குகளைக் கதையாகச் சொல்லாதீர்கள்.

முடியாத புகார் ஏதாவது இருந்தால், சாவியைக் கொடுக்கும் முன் அந்தப் புகார் கொடுத்தவரிடம் போய், "இனி இவர்தான் பார்ப்பார்" என்று புதியவரை நேரில் அறிமுகம் செய்துவையுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் வேறொருவரைக் கேளுங்கள். அதன் பிறகு சாவியைக் கொடுங்கள்.